உயரமான பிக்கப், மூக்கைத் தூக்கும் ஃபிஃப்த் வீல்: ஹிட்சை இறக்கவா, டிரெய்லரை ஏத்தவா?

பிளேனோ பாண்டி (டெக்சஸ்):

வணக்கம் மக்களே. இங்க ஃபிஃப்த் வீல் (பிக்கப்போட பின் தொட்டியான பெட்டுக்குள்ள ஹிட்ச் வச்சு மாட்டி இழுக்கிற வீட்டு டிரெய்லர்) இழுக்கிறவங்க சிலர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் நேரா விஷயத்துக்கு வர்றேன்.

பிக்கப்: 2021 ஃபோர்டு எஃப்-350, ஃபோர் வீல் டிரைவ், பின்னாடி ஒத்த டயர், ஆறே முக்கால் அடி பெட். டிரெய்லர்: 2011 மாடல், 32 அடி, ரெண்டு ஆக்ஸில், ஆக்ஸிலுக்கு 5,200 பவுண்ட், 15 இன்ச் டயர். எனக்கு வித்தவர் அதைப் பழைய டூ வீல் டிரைவ் பிக்கப்ல இழுத்தவர். அந்த உயரத்துக்கு எல்லாம் சரியா உக்காந்திருக்கும். என் வண்டியில மாட்டினா மூக்கு வானத்தைப் பாக்குது, பெட்ரோல் பங்க் ஏறி இறங்கும்போது வால் தரையைத் தட்டுது. ஹிட்ச் மாட்டிக் கொடுத்த கடையில கேட்டேன். "எல்லாரும் இப்படித்தான் போறாங்க"ன்னு சாவியைக் கையில கொடுத்துட்டாங்க.

அளந்தது இது: டிரெய்லர் சேஸிஸ் அடியிலிருந்து தரைக்கு, லேண்டிங் லெக் (முன்னாடி ஊனி நிறுத்துற கால்) தாண்டி 29 இன்ச், பின் பம்பர் கிட்ட 24 இன்ச். ரெண்டு இடத்துக்கும் நடுவுல 22 அடி. பெட் விளிம்புக்கும் மேலே தொங்குற டிரெய்லர் மூக்கோட அடிக்கும் உள்ள சந்து, டெயில்கேட் பக்கம் 5 இன்ச்.

ஹிட்ச்ல இன்னும் ஒரு கீழ் ஓட்டை காலியா இருக்கு. டிரெய்லர் மூக்குல கிங்பின்னைத் (ஹிட்ச்ல மாட்டுற இரும்பு முளை) தாங்குற பின் பாக்ஸையும் ரெண்டு ஓட்டை மேலே ஏத்தி மாட்டலாம். ரெண்டையும் பண்ணா டிரெய்லர் கிட்டத்தட்ட மட்டமாயிரும், ஆனா சந்து போயிரும். ஆக்ஸிலைப் புரட்டி டிரெய்லரை உயர்த்துன்னு சிலர் சொல்றாங்க. எது சரி?

சும்மா ஒருத்தன்:

பாஸ், ஐ-35 ஹைவேல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. பாதிப் பேரு மூக்கைத் தூக்கிட்டுத்தான் போறான். ஹிட்சை ஒரு ஓட்டை இறக்குங்க, போதும். இதுக்குப் போய் ஆக்ஸில்ல கை வைக்கணுமா?

லொறி அண்ணை (ஸ்காபுறோ):

தம்பி பாண்டி, ஓட்டையளைத் தொட முதல் அளவைச் சரியா எடுங்கோ. உங்கட அளவு பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா எங்கை நிப்பாட்டி அளந்தனீங்கள்? கடையளின்ரை பார்க்கிங் எல்லாம் மழைத்தண்ணி ஓடுறதுக்காகச் சரிச்சுத்தான் போட்டிருப்பினம். கண்ணுக்குத் தெரியாது. ஒருக்கா அளந்துபோட்டு, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்திலை மற்றப் பக்கம் பாக்க நிப்பாட்டி இன்னொருக்கா அளவுங்கோ. ரெண்டையும் கூட்டி அரைவாசி எடுத்தால் சரிவு கழிஞ்சு போயிடும்.

ரெண்டாவது, வெறும் வண்டியிலை அளக்கிறதாலை பிரயோசனமில்லை. டீசல் நிரப்பி, சாமான் ஏத்தி, ரயர் எல்லாத்துக்கும் சரியான காத்து அடிச்சு, மாட்டின நிலையிலை அளக்கவேணும். கிங்பின்னிலை 2,000 பவுண்ட் இறங்கினாப் பிக்கப்பின்ரை பின்பக்கம் நல்லா இருந்துபோடும்.

அந்தச் சந்தை 6 இஞ்சுக்குக் கீழை விடாதேங்கோ. உங்களுக்கு இப்பவே 5. இதிலை ஹிட்சை இறக்கச் சொல்லுற ஆக்களின்ரை கதையைக் கேக்காதேங்கோ.

இன்னும் ரெண்டு கேள்வி. ட்ரெயிலரின்ரை ஆக்ஸில், ஸ்பிரிங்குக்கு மேலையோ கீழையோ? பிக்கப்பின்ரை பின் ஸ்பிரிங்குக்கு உதவியா ஏர்பேக் (காத்துப் பை) போட்டிருக்கே?

பிளேனோ பாண்டி:

அண்ணை, நீங்க சொன்ன மாதிரி திருப்பி நிறுத்தி அளந்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் உயர வித்தியாசம் ஒரு பக்கம் பாத்தா ஐந்தரை, மறுபக்கம் பாத்தா நாலரை. சராசரி அதே 5 இன்ச்தான்.

ஆக்ஸில் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கு. ஸ்பிரிங் பட்டை கீழே தொங்குது. ஏர்பேக் இருக்கு, பிக்கப்பை எனக்கு வித்தவர் போட்டது. 40 பிஎஸ்ஐ காட்டுது, நான் தொட்டதே இல்ல. டிரெய்லர் மாட்டின பிறகும் பிக்கப்போட பின் ஃபெண்டர் முன் ஃபெண்டரைவிட ரெண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியா உயரத்துலதான் நிக்குது.

கணக்கு வாத்தி (சான் ஹோசே):

பாண்டி, உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "மட்டமா இல்லையே" என்ற பதற்றத்தைவிட, எது எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது உதவும்.

22 அடி என்பது 264 இன்ச். அதில் 5 இன்ச் ஏற்றம். உங்கள் டிரெய்லர் நீளத்துக்குக் கிங்பின்னிலிருந்து இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுப்புள்ளி வரை ஏறக்குறைய 21 அடி இருக்கும், டேப் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் கிங்பின் இருக்க வேண்டிய இடத்தைவிட 4.8 இன்ச் மேலே இருக்கிறது. ஆக்ஸிலுக்குப் பின்னால் 9 அடி வால் இருந்தால் அது 2 இன்ச் தாழ்ந்திருக்கும். பெட்ரோல் பங்கில் தட்டுவது அதனால்தான். கழிவுநீர்க் குழாய் பின்பக்கம் இருந்தால் முதலில் அதுதான் உடையும்.

இப்போது ஆக்ஸில். 15 இன்ச் டயர் வண்டிகளில் இரண்டு ஆக்ஸிலுக்கும் இடைவெளி பெரும்பாலும் 33 இன்ச். அந்த 33 இன்ச்சுக்குள் இந்தச் சரிவு உண்டாக்கும் வித்தியாசம் 5/8 இன்ச். உங்களுடையது கமான் பட்டை. நடுவில் ஈக்வலைசர் என்ற ஆடும் இரும்புக் கட்டை இரண்டு பட்டைகளையும் இணைக்கிறது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கி, சுமையை இரண்டு ஆக்ஸிலுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. 5/8 இன்ச்சை அது சமாளித்துவிடும். ஆனால் இலவசமாக இல்லை: பட்டையின் ஒரு முனை சேஸிஸின் ஹேங்கரில் நிலையாக இருப்பதால், ஆக்ஸில் நகர்வதைப் போல இரண்டு மடங்கு பட்டையின் மறுமுனை நகர வேண்டும். ஆகவே ஈக்வலைசர் நின்ற இடத்திலேயே ஒன்றேகால் இன்ச் சாய்ந்து கிடக்கிறது. பள்ளம் மேட்டுக்கு என்று வைத்திருந்த ஆட்டத்தில் அது போய்விட்டது. பெரிய குழியில் அதன் முனை சேஸிஸில் இடித்தால் அதற்கு மேல் ஏறும் சுமை பின் ஆக்ஸிலின் தலையில்.

சும்மா ஒருத்தன் சொன்னது பாதி சரி. ஐ-35ல் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த ஈக்வலைசர்தான் காரணம். 2 இன்ச் தூக்கல் என்றால் நானும் விட்டுவிடச் சொல்வேன். 5 இன்ச் எனக்கு ஒப்பவில்லை.

பலர் கவனிக்காத விஷயம் சந்து. கிங்பின்னுக்குப் பின்னால் டிரெய்லர் சரிந்து இறங்குகிறது அல்லவா? அதனால் டெயில்கேட் பக்கம் சந்து குறுகலாக இருக்கிறது. கிங்பின்னிலிருந்து டெயில்கேட் 4 அடி என்றால், சரிவு மட்டும் தின்றது 0.9 இன்ச். ஹிட்சை இறக்கி மட்டமாக்கினால் இந்த 0.9 திரும்பக் கிடைக்கும், ஆனால் இறக்கிய 4.8 போய்விடும். சந்து ஓர் இன்ச்சை ஒட்டி வரும். ஆக்ஸில் பக்கம் தூக்கி மட்டமாக்கினால் 0.9 சும்மா கிடைக்கும், எதுவும் போகாது. இரண்டிலும் டிரெய்லர் மட்டம்தான். சந்தில்தான் வித்தியாசம்.

6 இன்ச் எதற்கு என்றால், பிக்கப் ஒரு பக்கம் சாய்ந்து டிரெய்லர் நேராக நிற்கும் தருணத்துக்கு. முகாம்களுக்குள் குறுக்காக ஏறி இறங்கும்போது இது நடக்கும். பெட்டின் வெளிவிளிம்பு நடுக்கோட்டிலிருந்து மூன்று அடிக்குச் சற்று மேல். 5 இன்ச் சந்து என்றால் ஏறக்குறைய ஏழரை டிகிரி சாய்வில் தகடு நசுங்கும். 3 இன்ச் என்றால் நாலரை டிகிரியிலேயே. நாலரை டிகிரி சாய்வு சாதாரண வீட்டு டிரைவ்வேயில் கிடைக்கும்.

ஹிட்சையும் பின் பாக்ஸையும் அப்படியே விடுங்கள். ஏற்ற வேண்டியது டிரெய்லரை.

புதுசா வந்தவன்:

வாத்தியாரே, என்னோடது டார்ஷன் ஆக்ஸில். பட்டையே கிடையாது. அதுக்கும் இதே கணக்கா?

கணக்கு வாத்தி:

இல்லை. டார்ஷனில் ஈக்வலைசரே இல்லை. ஒவ்வொரு சக்கரமும் ரப்பரைத் திருகிக்கொண்டு தனியாக நிற்கிறது. மூக்கு தூக்கினால் பின் ஆக்ஸில் ரப்பர் அதிகம் திருகும், முன்னது தளரும். சுமை அந்த அளவுக்குப் பின்னால் போகும். பாண்டி 2 இன்ச் தூக்கலோடு ஓட்டலாம். நீங்கள் அரை இன்ச், ஓர் இன்ச்சுக்குள் கொண்டுவாருங்கள். பின் டயர்கள் முன் டயர்களைவிடச் சூடாக ஓடுகின்றனவா என்று டயர் பிரஷர் மானிட்டரில் பாருங்கள். வெயில் படும் பக்கம் எப்படியும் சூடாகத்தான் இருக்கும். அதனால் ஒரே பக்கத்தின் முன் டயரையும் பின் டயரையும் ஒப்பிடுங்கள்.

சும்மா ஒருத்தன்:

சரி சரி, ஹிட்சை இறக்கலை. பிக்கப்பையே இறக்கலாமே? எஃப்-350ல பின் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு இரும்புக் கட்டை இருக்கும். சின்னக் கட்டை வாங்கிப் போட்டா பின்பக்கம் இறங்கிரும். பெட்டும் ஹிட்சும் சேந்து இறங்குறதால சந்து குறையாது. இதுக்கு என்ன சொல்றீங்க?

கணக்கு வாத்தி:

இதற்குக் கைதட்டுகிறேன். யோசனை சரி, அளவுதான் போதாது. மாட்டின பிறகு பாண்டியின் பின் ஃபெண்டர் 2 இன்ச்கூட உயரமில்லை. அதற்கு மேல் இறக்கினால் பிக்கப்பின் முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். நமக்கு வேண்டியது 4.8.

ஆனால் கட்டையைத் தொடும் முன் அந்த ஏர்பேக்கைப் பாருங்கள். 2,000 பவுண்ட் கிங்பின் எடையை அந்த வண்டியின் சொந்தப் பட்டையே தாங்கும். 40 பிஎஸ்ஐ எதற்கு? தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சக் காற்றுக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். சுத்தமாகக் காலி செய்யாதீர்கள், பை மடிந்து கிழியும்.

பிளேனோ பாண்டி:

10 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். மாட்டின நிலையில ஹிட்ச் சரியா ஒரு இன்ச் இறங்கியிருக்கு. டெயில்கேட் சந்து அதே 5, நூலளவு கூடியிருக்கலாம். செலவு பூஜ்யம்!

மீனா (ஆன் ஆர்பர்):

ஆக்ஸிலை மாற்றும் முன் மேலேயும் ஒரு முறை பாருங்க. எங்க டிரெய்லர் ஏசி உச்சி வரை 13 அடி 4 இன்ச். அதனால ஆக்ஸில் புரட்டுறது எங்களுக்கு நினைச்சே பாக்க முடியாத விஷயம். டெக்சஸ்ல 14 அடி வரை சட்டம் அனுமதிக்கும், கலிஃபோர்னியாவிலும் அதுதான். கிழக்கே வந்தீங்கன்னா பல மாநிலங்கள்ல 13 அடி 6 இன்ச். கனடா பக்கம் ஒன்டாரியோவில் 4.15 மீட்டர், அதாவது 13 அடி 7 இன்ச்சை ஒட்டி. சட்டத்தைவிடப் பாலம் முக்கியம். பழைய ஊர்கள்ல ரயில் பாலங்கள் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது. ஏணி போட்டு ஏறி, ஏசி மூடி மேல ஒரு நேர்க்கட்டையை ரசமட்டம் வச்சு நீட்டி, அதிலிருந்து தரைக்கு அளங்க. விளம்பரத் தாளில் இருக்கிற உயரத்தை நம்பாதீங்க.

இன்னொண்ணு, படி. 5 இன்ச் ஏத்தினா கடைசிப் படிக்கும் தரைக்கும் உள்ள தூரமும் 5 இன்ச் கூடும். என் மாமியார் எங்களோட வருவாங்க, முழங்கால் வலி. அவங்க ஏறி இறங்க முடியுமாங்கிறதுதான் எங்க வீட்டில் முதல் கேள்வி. உங்க வீட்டிலும் பெரியவங்க இருந்தா யோசிங்க.

பிளேனோ பாண்டி:

அக்கா, அளந்துட்டேன். 12 அடி 3 இன்ச். 5 ஏறினாலும் 12 அடி 8 தான். படிக்குக் கீழே போட ஒரு தனிப் படி வாங்கிக்கலாம். அம்மா வந்தா அந்தப் படிதான் முதல்ல வெளிய வரும்.

நாகை வெல்டர் (ஹூஸ்டன்):

பாண்டி அண்ணே, ஆக்ஸில் வேலை நம்ம ஏரியா, அதான் எட்டிப் பாத்தேன்.

"புரட்டுறது"ன்னு வாய்க்கு வந்தபடி சொல்றாங்க. ஆக்ஸிலைப் புரட்டவே கூடாது! ஆக்ஸில் குழாய் பாக்க நேரா இருக்கும், ஆனா நடுவுல லேசா மேல் நோக்கி வளைச்சிருப்பாங்க. சுமை ஏறினா அது நிமிந்து டயர் நேரா நிக்கும். தலைகீழாப் போட்டா டயரோட உள் விளிம்பு தேஞ்சே போயிரும். கழட்டுறதுக்கு முன்னாடியே சாக்பீஸ்ல "மேல்"னு எழுதிருங்க. குழாய் அதே திசையில இருக்கணும். இப்ப குழாயோட கீழ்ப் பக்கம் இருக்கிற ஸ்பிரிங் சீட்டை விட்டுட்டு, மேல் பக்கம் புது சீட் வெல்டு பண்ணி, பட்டையை ஆக்ஸிலுக்கு மேல உக்கார வைக்கணும். டெக்ஸ்டர் கம்பெனி இதுக்குன்னே ஒரு கிட் விக்குது; சீட், யூ போல்ட், பிளேட் எல்லாம் வரும். உங்க 5,200 பவுண்ட் ஆக்ஸில் குழாய் 3 இன்ச் விட்டம். அதோட பட்டை கனம், சீட் கனம் சேத்தா ஏறக்குறைய 5 இன்ச் ஏறும்.

வெல்டு பண்றவன் பாக்க வேண்டியது சிலது இருக்கு. நிறைய டிரெய்லர்ல பிரேக் ஒயரை ஆக்ஸில் குழாய்க்கு உள்ளே விட்டிருப்பான். வெளியே இருந்து தெரியாது. சூடு பட்டா இன்சுலேஷன் உருகி, பிரேக் எப்பவாவது வேலை செய்யும், எப்பவாவது செய்யாது. ஒயரை உருவிட்டுத்தான் டார்ச்சைத் தொடணும். எர்த் கிளாம்ப்பைச் சீட்டுக்குப் பக்கத்துல குழாயிலயே போடணும்; ஹப்புல போட்டா கரண்ட் பேரிங் வழியா போய் அதைக் கடிச்சிரும். வெல்டு குழாயோட நீளவாக்குல சீட் ஓரமாத்தான் ஓடணும், குறுக்கே வளையமாச் சுத்தக் கூடாது. அப்படிச் சுத்தின இடத்துலதான் பிற்பாடு விரிசல் விடும்.

பட்டையோட சென்டர் போல்ட் தலை இப்ப மேல பாத்துட்டு இருக்கும், சீட் ஓட்டைக்குள்ள உக்கார. ஆக்ஸில் கீழ போறதால அந்தத் தலை கீழ பாக்கணும். பட்டையை சி கிளாம்ப்ல இறுக்கிட்டு ஒவ்வொன்னா திருப்பிப் போடுங்க. இதை விட்டுட்டா ஆக்ஸில் சீட்ல நிக்காம நகரும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட வேணாம், தூக்கிப் போட்டுருங்க.

கடைசியா கிங்பின்னிலிருந்து முன் ஆக்ஸிலோட ரெண்டு முனைக்கும் டேப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டும் 1/8 இன்ச்சுக்குள்ள ஒண்ணா இருக்கணும். வெல்டிங்ல பழக்கமில்லாதவன் யூடியூப் பாத்துப் பண்ற வேலை இல்ல அண்ணே இது.

சும்மா ஒருத்தன்:

வெல்டிங்குக்குப் பதிலா 16 இன்ச் ரிம்மும் பெரிய டயரும் போட்டா ஏறாதா?

நாகை வெல்டர்:

ஏறும், கொஞ்சம். 225/75 ஆர் 15 விட்டம் 28.3 இன்ச். 235/80 ஆர் 16 விட்டம் 30.8. விட்டத்துல பாதிதானே உயரத்துக்கு, ஒன்னேகால் கிடைக்கும். ஆனா ஆக்ஸில் இடைவெளி 33 இன்ச்சுல ரெண்டு டயருக்கும் நடுவுல 2.2 இன்ச்தான் மிஞ்சும். வீல் ஆர்ச் இடம் கொடுக்குமான்னு வேற பாக்கணும். டயர் வெடிச்சா பக்கத்து டயரையும் கூட்டிட்டுப் போயிரும்.

பிளேனோ பாண்டி:

வேலை முடிஞ்சது. டிரெய்லர் சஸ்பென்ஷன் மட்டுமே பாக்கிற ஒரு பட்டறையில கொடுத்தேன். வெல்டர் அண்ணன் சொன்னது சரி, பிரேக் ஒயர் குழாய்க்குள்ளதான் இருந்துச்சு. உருவி வெளியே பைப் போட்டுக் கட்டிட்டாங்க.

ஆக்ஸில் பக்கம் 5 இன்ச் ஏறிச்சு. ஏர்பேக் இறக்கினதுல ஏற்கெனவே ஒரு இன்ச் போயிருந்ததால, மாட்டிப் பாத்தா மூக்கு லேசாத் தாழ்ந்து நின்னுச்சு! வாத்தியார் கணக்குப்படி ஒன்னேகால் இன்ச் தாழ்வு. ஹிட்ச்ல ஒரு ஓட்டை மேலே ஏத்தினேன். இப்ப முன்னாடி பின்னாடி அளவு ஒண்ணு. டெயில்கேட் சந்து 7 இன்ச்சுக்கு நூல் கம்மி.

கணக்கு வாத்தி:

ஹிட்சை இறக்கக் கேட்டு வந்தவர் ஏற்றி மாட்டியிருக்கிறீர்கள். நல்லது. எடை போட்டுவிடுங்கள். வழியிலுள்ள டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருந்தால் பிக்கப் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் எனத் தனித்தனியாக வரும். டிரெய்லரின் இரண்டு ஆக்ஸிலும் சேர்ந்துதான் வரும். சக்கரம் சக்கரமாக வேண்டுமென்றால் உங்கள் டெக்சஸிலேயே லிவிங்ஸ்டனில் எஸ்கேபீஸ் ஆர்வி கிளப்பின் ஸ்மார்ட்வெய் என்ற எடைபோடும் வசதி இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

லொறி அண்ணை (ஸ்காபுறோ):

நல்ல வேலை தம்பி. ரெண்டு விசயம் மறந்துபோடாதேங்கோ. புது யூ போல்ட் முதல் ஓட்டத்திலை கட்டாயம் கொஞ்சம் தளரும். முதல் பயணத்திலை கொஞ்சத் தூரம் ஓடின உடனை நிப்பாட்டி டார்க் ரெஞ்ச் வைச்சு திரும்ப இறுக்குங்கோ, வீல் நட்டையும் சேத்து. மற்றது லேண்டிங் லெக். ட்ரெயிலர் உயந்ததாலை காம்பிலை கால் 5 இஞ்சு கூட நீளவேணும். உள்கால் பின்னை ஒரு ஓட்டை கீழை இறக்கிப் போடுங்கோ, இல்லாட்டி மோட்டர் கடைசி வரைக்கும் நீட்டிப்போட்டு அந்தரத்திலை நிண்டு உறுமும்.

பிளேனோ பாண்டி:

அண்ணை, பின்னை இறக்கிட்டேன். ஆனா இடது கால்ல பின் ஓட்டை துருப் பிடிச்சு இறுகியிருக்கு, சுத்தியலால தட்டித்தான் நுழையுது. பெனிட்ரேட்டிங் ஆயில் ஊத்தி வச்சிருக்கேன்.

லொறி அண்ணை (ஸ்காபுறோ):

ஒரு இரவு ஊற விடுங்கோ. அப்பவும் வராட்டி ஓட்டைக்குள்ளை வட்ட அரம் போட்டு ரெண்டு இழுவை இழுங்கோ, வரும்.